ஒரே ரயிலில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள்: காவிரிக் கடைமடை இளைஞர்கள் வயலை விட்டுத் திருப்பூர் போவது ஏன்?

மன்னார்குடியிலிருந்து கோயம்புத்தூர் போகும் செம்மொழி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிவதற்குள் திருப்பூரில் இறங்கிவிடலாம். பொங்கலும் தீபாவளியும் முடிந்த நாட்களில் அதன் முன்பதிவில்லாப் பெட்டியில் கால் வைக்க இடமிருக்காது. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் இளவயதுக்காரர்கள். கோட்டூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, தலைஞாயிறு, கீழ்வேளூர் பக்கத்துப் பிள்ளைகள். "டெல்டாவிலேயே வயலில் இறங்க ஆளில்லை" என்று பேசிக்கொள்ளும்போது நாம் இவர்களைத்தான் சொல்கிறோம்.

அந்தப் பெட்டியில் இரண்டு விதமான பயணங்கள் நடக்கின்றன என்பதுதான் இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது. ஒருவன் அப்பாவின் ஆறு மா நிலத்தை, அதாவது 2 ஏக்கரை, விட்டுவிட்டுப் போகிறான். அவன் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறவனுக்கு விட்டுவிட்டுப் போக ஒரு குழி வயல்கூடக் கிடையாது. அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் செய்துவந்த கூலி வேலையைத்தான் அவன் விட்டுப் போகிறான். இருவரையும் சேர்த்து ‘இளைஞர்கள் விவசாயத்தைக் கைவிடுகிறார்கள்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். அதனால் காரணம் பாதிதான் பிடிபடுகிறது. அரசு அறிவிக்கிற நிவாரணமும் பாதிப் பேர் வாசலோடு நின்றுவிடுகிறது.

ஆற்றின் கடைசிப் பிள்ளை

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). அங்கே திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. வெண்ணாறு மறுபடியும் வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று கிளை கிளையாகப் பிரிந்து நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் கடலோரத்தில் முடிகிறது. அந்த முடிவில் இருப்பவை கடைமடை ஊர்கள். கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று பேப்பரில் படம் வந்த பிறகும் இங்கே வாய்க்கால் நனைய நாள் கணக்காகும். தூர் வாராத வருஷமென்றால் ஆற்றில் தண்ணீர் ஓடும், வாய்க்காலில் ஏறாது.

மேல்மடைக்கும் கடைமடைக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் நிலத்தடி நீர். கும்பகோணம், பாபநாசம் பக்கத்தில் ஆறு வறண்டாலும் போர்வெல் போட்டவர் மோட்டாரைத் தட்டிவிட்டு, ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்லான குறுவையை நட்டுவிடுவார். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்தில் போர் போட்டால் உப்புத் தண்ணீர் வரும். ஆகவே இங்கே விவசாயிக்கு இரண்டே நம்பிக்கை: மேட்டூர், இல்லாவிட்டால் ஐப்பசி கார்த்திகை மழை. முதலாவது கர்நாடகத்தில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையையும் அந்த மாநிலத்தின் முடிவையும் நம்பியிருக்கிறது. இரண்டாவது வராமலே போகும், அல்லது ஒரே வாரத்தில் கொட்டி நட்ட பயிரை மூழ்கடிக்கும். காவிரி நீர் போய்ச் சேர்கிற கோட்டகங்கள் தாழ்வான நிலங்கள். மேலே உள்ள வயல்களின் வடிகால் எல்லாம் இங்கேதான் வந்து தேங்குகிறது. வறட்சியிலும் வெள்ளத்திலும் முதலில் அடி வாங்குவது ஒரே ஊர்.

அணை திறந்த தேதிகளும் ஒரு பையனின் வயதும்

மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பது மரபு. குறுவைக்கு நாற்று விட அந்தத் தண்ணீர் வேண்டும். பிறகு நீண்ட கால நெல்லான சம்பா, குறுவை அறுத்த வயலில் இரண்டாம் போகமாகத் தாளடி.

2011-இல் ஜூன் 6-ஆம் தேதியே அணை திறந்தது. அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். அதற்கடுத்த ஆண்டுகளில் அவன் பார்த்தது இது: 2012-இல் செப்டம்பர் 17, 2013-இல் ஆகஸ்ட் 2, 2014-இல் ஆகஸ்ட் 15, 2015-இல் ஆகஸ்ட் 9, 2016-இல் செப்டம்பர் 20, 2017-இல் அக்டோபர் 2, 2018-இல் ஜூலை 19, 2019-இல் ஆகஸ்ட் 13. தொடர்ந்து எட்டு ஆண்டுகள் ஜூன் 12 வந்தது, தண்ணீர் வரவில்லை. 2020-இல் மறுபடி உரிய தேதியில் அணை திறந்தபோது அவனுக்கு வயது இருபத்துமூன்று. பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி, முதல் வேலை என்று என்ன ஆகப் போகிறோம் என முடிவு செய்கிற வயது முழுவதையும் அவன் குறுவை இல்லாமலே கடந்துவிட்டான். அவன் கண்ணால் கண்ட விவசாயம் ஒரு போகம். அதுவும் நிச்சயமில்லாத ஒரு போகம்.

இடப்பெயர்வைப் பற்றிய பேச்சில் இந்த வயதுக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. இளைஞர்களுக்கு மண்மேல் பற்று இல்லை என்கிறார்கள். பற்று வருவதற்கு மண்ணில் எதையாவது விளைவித்துப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த எட்டு ஆண்டுகளில் மிக மோசமானது 2016. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. தெளித்த விதை முளைத்து, முழங்கால் உயரம்கூட வராமல் காய்ந்தது. டெல்டாவில் விவசாயிகளின் சாவுகள் அடுத்தடுத்துச் செய்தியாயின. 2017 ஜனவரி 10-இல் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். உழவுக்கும் விதைக்கும் போட்டதுகூட அதில் முழுதாகத் திரும்பாது.

அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னது. காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. அந்த ஆண்டு தண்ணீரும் வந்தது. நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறியது. நெல் விட்டுப்போன இடத்தில் குடும்பத்தைத் தாங்கிய தென்னையும் மாவும் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. தென்னை வைத்துக் காய்க்க ஐந்தாறு வருஷம் வேண்டும். வீட்டுப் பையன் அவ்வளவு காலம் காத்திருக்க முடியுமா?

2020, 2021, 2022 மூன்றும் நல்ல ஆண்டுகள். 2022-இல் மே 24-ஆம் தேதியே அணை திறந்தது. 2023-இல் ஜூன் 12-இல் திறந்து, தண்ணீர் போதாமல் அக்டோபர் 10-இல் மூடினார்கள். வழக்கமாக ஜனவரி 28 வரை ஓட வேண்டிய ஆறு அது. தண்ணீர் குறைவு என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் வேறு எதையாவது போட்டிருப்பார்கள். திறந்ததை நம்பி நட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இரண்டு ஏக்கரின் வரவு செலவு

முதல் பையன் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். தாத்தாவுக்கு ஒரு வேலி நிலம், அதாவது 20 மா. மூன்று மகன்கள் பிரித்ததில் அப்பாவுக்கு ஆறேழு மா. நாளை இவனும் அண்ணனும் பிரித்தால் ஆளுக்கு ஒரு ஏக்கர். இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ள முடியாது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரிக் கைப்பற்று, அதாவது ஒருவர் பயிரிடும் நிலம், 0.75 ஹெக்டேர், 2 ஏக்கருக்கும் குறைவு.

ஏக்கருக்கு 20 குவிண்டால் விளைகிற நல்ல சம்பா என்றே வைத்துக்கொள்வோம். 2024-25-இல் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்னரகத்துக்குக் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். 2 ஏக்கருக்கு வரவு 98,000. டிராக்டர் உழவு, விதை, யூரியா, டி.ஏ.பி., களைக்கொல்லி, களை பறிக்க ஆள், பூச்சிமருந்து, அறுவடை செய்யும் பெல்ட் மெஷின் வாடகை, மூட்டை ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 28,000 என்று வைத்தால் செலவு 56,000. மிச்சம் 42,000. ஆகஸ்டில் விதைத்துப் பிப்ரவரியில் கைக்கு வருகிற பணம் இது. அதற்குள் நகைக்கடன் வட்டி கழிய வேண்டும். குத்தகை நிலமென்றால் குத்தகை நெல்லும் போக வேண்டும். குடும்பத்தில் உழைத்த எவருக்கும் இதில் கூலி எழுதவில்லை.

இதே பையன் திருப்பூரில் ஒரு ஷிப்டுக்கு 500 ரூபாய் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுவார்கள். 25 நாள் வேலை என்றால் 18,750. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் 6,000 போனாலும் மாதம் 12,000 வீட்டுக்கு அனுப்பலாம். ஆறு மாதத்தில் 72,000-க்கு மேல்.

தொகையைவிடப் பெரிய விஷயம் அது வருகிற விதம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். அந்த வாரம் உழைத்தது அந்த வாரமே கைக்கு வரும். நெல்லில் ஆறு மாதம் கழித்து வரும், வராமலும் போகும். அறுத்த நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்து கிடக்கும்போது மழை பிடித்துக்கொள்ளும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் எடுக்க மாட்டார்கள். வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநிலம் எழுதும், மத்தியக் குழு வரும், அதற்குள் நெல் முளைத்திருக்கும். 40 கிலோ சிப்பத்துக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்தால்தான் எடை போடுவார்கள் என்ற புகார் டெல்டாவில் எந்த ஊரில் கேட்டாலும் உண்டு. விளைவித்ததை விற்பதற்கு அப்பா இரவெல்லாம் தார்ப்பாயோடு காத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அந்த இடத்தில் தன்னை நிறுத்திப் பார்க்கிறான்.

இந்தக் கணக்கு டெல்டாவுக்கு மட்டும் உரியதல்ல. 2018-19-இல் தேசிய மாதிரி ஆய்வு நாடு முழுவதும் விவசாயக் குடும்பங்களின் வருமானத்தைக் கேட்டது. மாதச் சராசரி 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798, கூலி சம்பளத்திலிருந்து வந்தது 4,063. விவசாயி என்று கணக்கில் இருப்பவர் வீட்டிலேயே பயிரைவிடக் கூலி அதிகம் சோறு போடுகிறது. 2003-இல் நடந்த அதே வகை ஆய்வில், வேறு வழியிருந்தால் இதை விட்டுவிடுவோம் என்று 40 சதவீதம் விவசாயிகள் சொன்னார்கள். இன்றைய பையன் போகிறான், அன்றைய அப்பாவுக்குப் போக இடமில்லை.

பட்டாவில் இல்லாத பெயர்

நிலம் உள்ள வீட்டிலும் பையனுக்கு நிலம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பட்டா அப்பா பெயரில், சில வீடுகளில் இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிடக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா (நிலம் யாருடையது என்ற பதிவு), அடங்கல் (யார் என்ன பயிரிடுகிறார் என்ற பதிவு) கேட்பார்கள். இவனுக்கு எதுவும் கிடையாது. எந்த ரகம் போடுவது, எப்போது தெளிப்பது, யாருக்கு விற்பது எல்லாம் அப்பா முடிவு. விடியற்காலையில் மடை திறக்கப் போய்வந்தும், சாயங்காலம் வண்டிக்குப் பெட்ரோல் போட அவரிடம்தான் கேட்க வேண்டும். இருபத்துமூன்று வயதில் இது எவ்வளவு உறுத்தும் என்பதைப் பொருளாதாரக் கணக்கில் எழுத முடியாது.

குத்தகைக்காரர் வீட்டில் இன்னும் மோசம். நாகை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் கோயில் நிலமும் ஆதீன நிலமும் ஏராளம். தலைமுறை தலைமுறையாக உழுகிறவர்களில் பலருக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தது. ஆனாலும் வாய்வழிக் குத்தகைதான் நடப்பு. வாய்வழிக் குத்தகைக்குக் கடன் வராது, காப்பீடு சிக்கல், நிவாரணம் பட்டாக்காரர் கணக்கில் ஏறும். இப்படிப்பட்ட நிலத்தில் மகனை இறங்கச் சொல்ல எந்த அப்பாவுக்கும் வாய் வராது.

அதனால் இந்த வீடுகளில் பிள்ளையை வெளியே அனுப்புவது பெரும்பாலும் பெற்றோரின் முடிவு. "இந்தக் கஷ்டம் எங்களோட போகட்டும்" என்பது டெல்டாவில் எத்தனையோ அம்மாக்கள் சொன்ன வார்த்தை. நெல் விற்ற காசில் கல்லூரிக் கட்டணம் கட்டுவதே அவன் நெல்லுக்குத் திரும்பி வரக்கூடாது என்பதற்காக. பெண் பார்க்கும் இடத்திலும் இதே தீர்ப்புதான். "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்ற கேள்விக்கு "விவசாயம்" என்று பதில் சொன்னால் பேச்சு அத்தோடு நிற்கும். திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் என்றால் மேற்கொண்டு விசாரிப்பார்கள். பெண்ணைப் பெற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வயலிலும் வீட்டிலும் இரட்டை வேலை யார் தலையில் விழும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும்.

இன்னொரு தெரு

இரண்டாவது பையன் வீட்டுக் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. கீழத்தஞ்சையில் அவன் பாட்டன் பண்ணையாள். மிராசுதாரின் வயலுக்குக் கட்டுப்பட்டவர், கூலி நெல்லாக வரும். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் செங்கொடிச் சங்கங்களின் நீண்ட போராட்டம் இருக்கிறது. கூலி உயர்வு கேட்ட தகராற்றில், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்கள். அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1973-இல் உயர் நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது.

கீழ்வேளூர் பக்கம் இன்றும் வாழும் பாட்டிகளுக்கு இது பழைய சரித்திரம் இல்லை. அந்த மண்ணில் வேலை என்றால் என்ன என்பதை அவர்கள் பேரன்களுக்குச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். திருவாரூர் மாவட்ட மக்களில் மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினர். நில உச்சவரம்பை 1970-இல் 15 தர ஏக்கராக (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) குறைத்தும் அவர்கள் கைக்கு வந்த நிலம் சொற்பம். காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981-இல் தொடங்கிய லாப்டி இயக்கம் நிலத்தை விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் எழுதிக் கொடுத்தது. இது இந்தப் பகுதியில் நடந்த மிகப் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு இயக்கம் எட்டக்கூடிய தூரத்துக்கு எல்லை உண்டு.

நிலமில்லாத வீட்டுக்கு வயலில் இருந்தது வேலை நாள் மட்டும். அந்த நாட்களை இயந்திரம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. உழவு முதலில் போனது. பிறகு அறுவடை: முப்பது நாற்பது பேர் இறங்கி அறுத்துக் கட்டிக் களத்தில் அடித்த வேலையை, சேற்றிலும் ஓடும் பெல்ட் மெஷின் சில மணி நேரத்தில் முடிக்கிறது. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் நாற்று விட்டு நடுவதை விட்டுவிட்டுப் பலர் நேரடி விதைப்புக்குப் போனார்கள். அதோடு பெண்களின் நடவு வேலையும் போனது. களைக்கொல்லி வந்து களையெடுப்பையும் குறைத்தது. ஆக, இந்தப் பையன் ‘விவசாயத்தை விட்டான்’ என்று சொல்வதைவிட விவசாயம் அவன் வீட்டை விட்டது என்று சொல்வதே பொருந்தும். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியபோது முதல் கட்ட மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. அது ஊரில் இருக்கிற அம்மாவுக்குப் பெரிய ஆதரவாக இருந்தது. இருபது வயதுக்காரனுக்கு வாழ்க்கைத் தொழிலாக முடியாது.

கூலியோடு சேர்ந்து இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் வேலைக்குக் கூப்பிடுகிற குரலில் சாதி இருக்கும். தன் அப்பா வயதுக்காரரை, தன்னைவிடச் சின்னப் பையன் பேர் சொல்லி ஒருமையில் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவன் அவன். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் திட்டுவார், ஆனால் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவனை எல்லோரையும் போலத்தான் திட்டுவார். ஒரு டஜனுக்கு என்ன ரேட்டோ அதுதான் எல்லோருக்கும். திருப்பூர் சாதி பார்க்காத ஊர் என்று நான் சொல்லவில்லை. லைன் வீடு வாடகைக்குக் கேட்டால் "எந்த ஊர், என்ன ஆளுங்க?" என்ற கேள்வி அங்கேயும் வரும். கொங்கு நாட்டுக் கிராமங்களில் தீண்டாமை இன்றும் இருக்கிறது. இருந்தாலும் வேலை செய்கிற இடத்தில் கிடைக்கிற அந்தச் சிறு இடைவெளிக்காகவே இரண்டாவது பையன் ரயில் ஏறுவான். கூலி ஊரிலும் திருப்பூரிலும் சமமாகவே இருந்தாலும் அவன் போவான் என்று நான் நம்புகிறேன். முதல் பையனை நல்ல நெல் விலை ஒருவேளை ஊரில் நிறுத்தக்கூடும். இவனை நெல் விலை ஒன்றும் செய்யாது.

பனியன் ஊரில்

திருப்பூர் இவர்களுக்குச் சுலபமாகக் கை கொடுத்ததற்குக் காரணம் அங்கே நுழைய படிப்பு வேண்டாம், ஆள் தெரிந்தால் போதும். ஊர்க்காரன் ஒருவன் இருந்தால் அவன் அறையில் தங்கி, டெய்லருக்கு உதவும் கைமடி வேலையில் தொடங்கி, செக்கிங், பேக்கிங் என்று நகர்ந்து, மெஷின் பழகி டெய்லர் ஆகிவிடலாம். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை பக்கத்துக்கு சிங்கப்பூர், வளைகுடா என்று வேறு வழிகள் உண்டு. அதற்கு முதலில் பணம் கட்ட வேண்டும். திருப்பூருக்கு ரயில் காசு போதும்.

பெண்களின் வழி வேறு. திருமணத்துக்குத் தொகை தருவதாகச் சொல்லி மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கொங்குப் பகுதி நூற்பாலைகளுக்கு அழைத்துப் போகப்பட்ட பெண்களில் டெல்டாப் பெண்கள் நிறைய. விடுதியை விட்டு வெளியே போக முடியாது, மூன்று ஆண்டு முடிக்காமல் திரும்பினால் தொகை இல்லை. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரே இன்று கண்டனத்துக்குரிய சொல்லாகிவிட்டது.

நகரம் பத்திரமான இடமும் இல்லை. நொய்யல் ஆற்று மாசுக்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திரும்பினார்கள். 2016 நவம்பரில் டெல்டாவில் சம்பா கருகிய அதே வாரங்களில், பணமதிப்பிழப்பால் திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பளம் தடைபட்டது. வயலும் கம்பெனியும் ஒரே நேரத்தில் கைவிட்ட காலம் அது. பிறகு ஜி.எஸ்.டி., கொரோனா.

2020 எனக்கு முக்கியமான ஆண்டாகப் படுகிறது. மார்ச்சில் கம்பெனிகள் மூடின, பிள்ளைகள் ஊருக்கு வந்தார்கள். ஜூன் 12-இல் சரியாகத் தண்ணீரும் வந்தது. ஆளும் ஆறும் ஒருசேர ஊரில் இருந்த அபூர்வமான ஆண்டு. நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள் பலர் வயலில் இறங்கினார்கள், குறுவை நன்றாக வந்தது. கம்பெனிகள் திறந்ததும் பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள். ஒரு நல்ல போகம் எட்டு வருஷப் பாடத்தை அழிக்கப் போதாது. நிலமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த நல்ல ஆண்டிலும் வயலில் வேலை இல்லை, மெஷின்தான் ஓடியது.

இப்போது யார் பயிர் செய்கிறார்கள்

இளைஞர் போய்விட்டதால் டெல்டா தரிசாகக் கிடக்கவில்லை. அறுபது வயது அப்பா வரப்பில் நிற்கிறார். உழவு, தெளிப்பு, அறுப்பு எல்லாம் வாடகை மெஷின். மகன் திருப்பூரிலிருந்து போனில் டிராக்டர்காரருக்குச் சொல்லிவிடுகிறான், உர மூட்டைக்குப் பணம் அனுப்புகிறான், அறுப்புக்கு நாலு நாள் லீவு போட்டு வருகிறான். அதாவது இந்த வீடுகளில் நெல்லுக்கு முதல் போடுவது பனியன் கம்பெனிச் சம்பளம். புள்ளிவிவரத்தில் அவன் விவசாயத்தை விட்டவன். வீட்டுக் கணக்கில் அந்த வயலின் வங்கியே அவன்தான்.

நடவு நடுகிற வயல்களில் சில ஆண்டுகளாக மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆண்கள் குழுவாக, ஏக்கர் கணக்கில் காண்டிராக்ட் பேசி நடுகிறார்கள். அவர்களும் அவர்கள் ஊர் வயலில் பிழைக்க முடியாமல் வந்தவர்கள்தான். உள்ளூர்ப் பெண்களைவிட வேகம், செலவும் குறைவு என்று விவசாயிகள் சொல்கிறார்கள். உள்ளூர்ப் பெண்களின் கடைசி வேலை நாட்களும் இப்படிப் போகின்றன. ‘வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை’ என்ற புகாரைக் கேட்கும்போது, எந்தக் கூலிக்கு, எத்தனை நாளுக்கு, எப்படிக் கூப்பிட்டு என்றும் கேட்க வேண்டும். ஆறு மாதத்தில் பத்து நாள் வேலைக்காக ஒரு இளைஞன் ஆண்டு முழுவதும் ஊரில் காத்திருக்க முடியாது.

மக்கள்தொகைக் கணக்கிலும் இதன் சாயல் தெரிகிறது. 2001-இல் தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 51 லட்சம், 2011-இல் சுமார் 42 லட்சம். அதே பத்தாண்டில் விவசாயத் தொழிலாளர்கள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகக் கூடினார்கள். நிலத்தைப் பயிரிட்டு வந்தவர்கள் குறைந்தார்கள், கூலி வேலை தேடுகிறவர்கள் கூடினார்கள், மெஷினும் அதே காலத்தில்தான் பெருகியது.

அறிவிப்புகள் எந்த வாசல் வரை

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2020 பிப்ரவரியில் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. நிலத்தடியிலிருந்து எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராக மக்கள் நடத்திய போராட்டத்தின் பலன் அது. 2021-இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி செய்யப்பட்டது. அதே ஆண்டு முதல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட். குறுவை விவசாயிக்கு விதை, உர உதவி தரும் குறுவைத் தொகுப்பு, விலை ஊக்கத்தொகை எல்லாம் உண்மையான உதவிகள்.

இவற்றில் ஒவ்வொன்றையும் இரண்டு பையன்களுக்கும் நேராக வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். தள்ளுபடி, கடன் கிடைத்தவருக்குத்தான். கடன், சிட்டா அடங்கல் உள்ளவருக்குத்தான். ஊக்கத்தொகை, நெல் கொண்டுவந்து போடுகிறவருக்கு. முதல் பையனின் அப்பாவுக்கு இவை வருகின்றன, பையன் கைக்கு வருவதில்லை. வாய்வழிக் குத்தகைக்காரருக்குப் பாதி வருகிறது. இரண்டாவது பையன் வீட்டுக்கு எதுவும் வருவதில்லை.

முதல் வீட்டுக்கு வேண்டியது தண்ணீரைப் பற்றிய நிச்சயமும் பணத்தைப் பற்றிய நிச்சயமும். இருப்பைப் பார்த்து, இந்த ஆண்டு குறுவைக்கு உண்டா இல்லையா என்று மே மாதமே கடைமடைக்குத் தனியாகச் சொல்ல முடியும். தூர் வாருவதை அணை திறப்பதற்கு முன் முடிக்க முடியும். கொள்முதல் நிலையங்களில் நெல்லை உலர்த்தவும் மூடி வைக்கவும் வசதி செய்ய முடியும். இவை எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. இரண்டாவது வீட்டுக்கு வேண்டியது நிலம், இல்லாவிட்டால் ஊருக்குப் பக்கத்திலேயே கௌரவமான வேறு வேலை. வேளாண் மண்டலம் என்று அறிவித்துக் கனரகத் தொழிலைத் தடுத்தது சரி. நெல்லையும் தென்னையையும் மீனையும் ஆதாரமாகக் கொண்ட தொழில்களை அந்த இடத்தில் கொண்டுவராமல் விட்டது சரியில்லை. விளைந்த நெல்லில் பெரும்பகுதி அரிசியாவது வேறு மாவட்டங்களில்.

2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டதும் திருப்பூரில் ஆர்டர்கள் தடுமாறின, ஷிப்ட் குறைந்தது. அந்த ஆண்டு மேட்டூர் ஜூன் 12-இல் திறந்திருந்தது. இப்படி ஒரு நேரத்தில் ஊருக்கு வந்து நிற்கிற முதல் பையனுக்கு வயல் இருக்கிறது. அதில் அவன் பெயரில் கடன் வாங்க வேண்டுமென்றால் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் சாகுபடியாளர் என்று அவன் பெயர் இருக்க வேண்டும். அப்பாவின் பட்டா அப்படியே இருக்க, மகனைச் சாகுபடியாளராகப் பதிவதை எல்லா ஊரிலும் வழக்கமாக்கலாம். இரண்டாவது பையன் வந்து நிற்கும் செப்டம்பர் மாதத்தில் சம்பா நேரடி விதைப்பு டிராக்டரில் ஓடிக்கொண்டிருக்கும். அவனுக்குக் கிராம வேலைத் திட்ட அட்டை தவிர ஊரில் பதிவதற்கு எதுவும் இல்லை. கோயில், ஆதீன நிலங்களில் குத்தகை காலியாகும்போது நிலமற்ற இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எழுத்துபூர்வமாகக் கொடுப்பது என்ற ஒரே முடிவாவது எடுத்தால், அவன் பெயரும் ஒரு அடங்கலில் ஏறும். அதை எடுக்க வேண்டியது அறநிலையத் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து.